டெலவேரில் பதிவு செய்தால் விற்பனை வரி கிடையாதா?

6 பிப்ரவரி 2025 – வாசகர் கேள்வி

டெக்சாஸில், டாலஸ் அருகே இருக்கிறேன். துணிப்பைகளும் மேசை விரிப்புகளும் இணையத்தில் விற்கத் தொடங்குகிறேன். டெலவேரில் நிறுவனம் பதிவு செய்துவிட்டால் விற்பனை வரி கிடையாது என்று நண்பர்கள் அடித்துச் சொல்கிறார்கள். ஐந்து மாநிலங்களில் அந்த வரியே இல்லையாம். அப்படியானால் மற்றவர்கள் ஏன் கலிஃபோர்னியாவிலும் டெக்சாஸிலும் உட்கார்ந்து வரி கட்டிக்கொண்டிருக்கிறார்கள்? வரி குறைந்த இடத்தில் பதிவு, வரி குறைந்த இடத்தில் கொள்முதல், இவ்வளவுதானே விஷயம்?

8 பிப்ரவரி 2025

இல்லை. நிறுவனம் எங்கே பதிவானது என்பதற்கும் விற்பனை வரிக்கும் சம்பந்தமே கிடையாது. சரக்கு எந்த முகவரிக்குப் போகிறது, உங்கள் கை கால் எந்த மாநிலத்தில் இருக்கிறது, இந்த இரண்டைத்தான் பார்ப்பார்கள்.

டாலஸ் பக்கத்தில் வீட்டு அறையில் உட்கார்ந்து பார்சல் கட்டுகிறவர் டெக்சாஸ் வியாபாரி. டெலவேர் வெறும் தாளில் இருக்கும். எல்.எல்.சி. (வரையறுத்த பொறுப்பு நிறுவனம்) என்றால் அந்தத் தாளுக்கு ஆண்டுக்கு 300 டாலர் அங்கே கட்ட வேண்டும். டெக்சாஸில் வெளிமாநில நிறுவனம் என்று இன்னொரு பதிவும் செய்ய வேண்டும். இல்லாத வரியைத் தவிர்க்கப் போய் இருக்கிற கட்டணத்தை இரட்டிப்பாக்கிக்கொள்வதற்கு இதைவிட நேர் வழி எனக்குத் தெரியாது.

அந்த ஐந்து மாநிலங்கள்: அலாஸ்கா, டெலவேர், மான்டானா, நியூ ஹாம்ப்ஷயர், ஓரிகான். அங்கே வசிப்பவர் வாங்கினால் அவரிடம் மாநில விற்பனை வரி வசூலிக்க வேண்டாம். உங்களுக்கு அதனால் கிடைக்கும் சலுகை அவ்வளவுதான். அலாஸ்காவிலும் ஊருக்கு ஊர் மாறும்: மாநில வரி இல்லை, நகரங்கள் தாங்களாகப் போட்டுக்கொள்ளலாம். தலைநகர் ஜூனோவில் 5 சதவீதம், பெரிய நகரமான ஆங்கரேஜில் ஒன்றுமில்லை. டெலவேரில் வாங்குபவர் ரசீதில் வரி இருக்காது. ஆனால் கடைக்காரர் தம் மொத்த வரவின் மேல் தனியாக ஒரு வரி கட்டுகிறார். அதையும் விலையில் ஏற்றித்தான் விற்பார், தர்மத்துக்கா கடை வைத்திருக்கிறார்?

9 பிப்ரவரி 2025

"வெளிமாநிலத்துக்கு அனுப்பினால் வரி வேண்டாம் என்று என் மாமா பல ஆண்டுகள் அப்படித்தான் வியாபாரம் செய்தார்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். மாமா செய்தது அன்றைக்குச் சரி.

அஞ்சல் வழி விற்பனை தொடர்பான வழக்கொன்றில் 1967இலேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: ஒரு மாநிலத்தில் கடையோ கிடங்கோ ஆளோ இல்லாத வியாபாரியை அந்த மாநிலம் வரி வசூலித்துக் கொடு என்று கட்டாயப்படுத்த முடியாது. 1992இல் குவில் என்ற அஞ்சல் வழி விற்பனை நிறுவனத்தின் வழக்கில் அதையே மறுபடி உறுதி செய்தது. அப்போது பிரச்சினை அட்டவணைப் புத்தகம் பார்த்து ஆர்டர் கொடுக்கும் அளவில்தான் இருந்தது. பிறகு இணையம் வந்தது. சொந்த ஊர்க் கடைக்காரர் வரி சேர்த்து விற்க, வெளியூர்க்காரர் வரி இல்லாமல் விற்றுக்கொண்டு போனார். வருமான வரியே இல்லாத தெற்கு டகோட்டா போன்ற மாநிலத்துக்கு விற்பனை வரியில் ஓட்டை விழுந்தால் வேறு போக்கிடம் ஏது? அதுதான் வழக்குக்குப் போனது. 2018 ஜூன் 21 அன்று, வேஃபேர் என்ற இணையக் கடைமீது தொடுத்த அந்த வழக்கில் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் பழைய தீர்ப்புகள் விழுந்தன.

அன்றிலிருந்து, காலடி வைக்காத மாநிலத்திலும் விற்பனை ஒரு வரம்பைத் தாண்டினால் பதிவு செய்து வசூலித்துக் கட்ட வேண்டும். தெற்கு டகோட்டா வைத்த வரம்பு ஆண்டுக்கு 1,00,000 டாலர் அல்லது 200 விற்பனைகள். மற்ற மாநிலங்கள் பலவும் அதைப் பார்த்து எழுதின. இந்த இருநூறு என்கிற எண்தான் சின்ன வியாபாரியைக் கொன்றது. ஐந்து டாலர் சாவிக்கொத்தை இருநூறு பேருக்கு விற்றவர், ஆயிரம் டாலர் வரவுக்கு ஒரு மாநிலத்தில் பதிவு செய்ய வேண்டிய நிலை. தெற்கு டகோட்டாவே 2023 ஜூலையில் அதை எடுத்துவிட்டது. பார்த்து எழுதியவர்களில் சிலர் இன்னும் எடுக்கவில்லை.

கலிஃபோர்னியாவிலும் டெக்சாஸிலும் வெளிமாநிலத்தாருக்கு வரம்பு 5,00,000 டாலர். நியூயார்க்கில் 5,00,000 டாலரும் 100 விற்பனைகளும், இரண்டும் சேர்ந்து தாண்ட வேண்டும். பெரிய மாநிலங்கள் என்றால் கெடுபிடி அதிகம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். சின்ன வியாபாரிக்குத் தொல்லை பெரும்பாலும் சின்ன மாநிலங்களிலிருந்துதான் வருகிறது.

15 பிப்ரவரி 2025

மேலே எழுதியதை வைத்துக்கொண்டு "அப்படியானால் 5,00,000 தாண்டும்வரை டெக்சாஸிலும் கட்ட வேண்டாம்" என்று முடிவு கட்டிவிட்டார்கள். அய்யா, வரம்பு வெளியூர்க்காரருக்கு. உள்ளூர்க்காரருக்கு முதல் பை விற்றதிலிருந்து வரி.

உள்ளூர்க்காரர் ஆவதும் மிகச் சுலபம். நான் கணக்கு எழுதும் ஒரு சிறு நிறுவனத்தில் நால்வர் வேலை செய்கிறார்கள். அதில் ஒருவர் திருமணமாகி வேறு மாநிலத்துக்குக் குடிபோனார், வேலையை விடவில்லை, வீட்டிலிருந்தே செய்கிறார். அவர் சமையலறை மேசைமேல் மடிக்கணினி திறந்த நாளிலிருந்து நிறுவனத்துக்கு அந்த மாநிலத்தில் கால் ஊன்றியாகிவிட்டது. முதலாளி அவருக்குப் பரிசுப்பெட்டி அனுப்பினார், நான் பதிவுப் படிவம் அனுப்பினேன்.

சரக்கும் அப்படித்தான். பெரிய இணையச் சந்தைகளின் கிடங்கில் சரக்கைப் போட்டு வைத்தால், அவர்கள் தங்கள் வசதிக்கு அதை எந்த மாநிலத்துக்கும் நகர்த்துவார்கள். உங்கள் சரக்கு எந்தெந்த மாநிலத்தில் தூங்குகிறது என்பது உங்களுக்கே அறிக்கை பார்த்தால்தான் தெரியும். அந்தச் சந்தை வழியாக விற்பதற்கு வரி வசூலித்துக் கட்டும் பொறுப்பு சந்தையுடையது. விற்பனை வரி உள்ள மாநிலங்கள் எல்லாம் இப்போது அப்படிச் சட்டம் வைத்திருக்கின்றன. ஆனால் உங்கள் சொந்தத் தளத்தில் விற்பதற்கு நீங்கள்தான் பொறுப்பு. சந்தை வழி விற்றது உங்கள் வரம்புக் கணக்கில் சேருமா என்றால், சில மாநிலங்களில் சேரும், சிலவற்றில் சேராது. இதில் பொது விதி தேடுவது வீண் வேலை.

2 மார்ச் 2025

வியாபாரம் இல்லாதவர் ஒருவர் கேட்கிறார்: கடையில் விலைச்சீட்டில் 19.99 என்று போட்டுவிட்டு பணம் கட்டும் இடத்தில் வேறொரு தொகை கேட்கிறார்களே, இந்தியாவில் பொட்டலத்தின் மேலே எம்.ஆர்.பி. அச்சடித்திருப்பதுபோல ஏன் போடக் கூடாது?

ஒரே சட்டையை நாடு முழுதும் விற்கிறவன் எந்த எண்ணை அச்சடிப்பான்? சிகாகோவில் 100 டாலர் பொருளுக்கு வரி 10.25. அதை நால்வர் பங்கு போட்டுக்கொள்கிறார்கள்: மாநிலத்துக்கு 6.25, குக் கவுன்ட்டிக்கு 1.75, நகரத்துக்கு 1.25, வட்டாரப் போக்குவரத்து ஆணையத்துக்கு 1.00. நியூயார்க் நகரத்தில் 8.875: மாநிலம் 4, நகரம் 4.5, பெருநகரப் போக்குவரத்துக்கு 0.375. பஸ்ஸும் ரயிலும் ஓடுவது சட்டைக்காரன் தயவில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாநில அளவில் மட்டும் பார்த்தால் கலிஃபோர்னியாவின் 7.25தான் உச்சம். "கலிஃபோர்னியாதான் மோசம்" என்கிற பேச்சு அதிலிருந்து வருகிறது. உள்ளூர் வரியையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் லூசியானா முந்துகிறது. இந்த ஜனவரியில் அங்கே மாநில விகிதம் 4.45இலிருந்து 5 ஆகிவிட்டது. பாரிஷ்கள் (அங்கே கவுன்ட்டிக்கு அதுதான் பெயர்) தங்கள் பங்கைப் போட்ட பிறகு சராசரி 10 சதவீதத்தைத் தாண்டுகிறது. டெக்சாஸில் மாநிலம் 6.25, உள்ளூர் அதிகபட்சம் 2, ஆகமொத்தம் 8.25க்கு மேல் போகாது. அந்த உச்சவரம்பு ஒன்றுக்காகவே டெக்சாஸ் கணக்கு எழுதப் பிடிக்கும்.

3 மார்ச் 2025

அஞ்சல் குறியீட்டை வைத்து விகிதம் தேடலாமா? தேடலாம், தப்பாகவும் கிடைக்கும்.

தபால்காரர் வசதிக்குப் பிரித்த எல்லை வேறு, வரி போடும் நகரத்தின் எல்லை வேறு. கொலராடோவில் டென்வருக்குத் தெற்கே முகவரியில் எங்கிள்வுட் என்று இருக்கும், வீடு சென்டெனியல் நகரத்துக்குள் இருக்கும். இரண்டும் தனித்தனி நகரங்கள், தனித்தனி வரி. கொலராடோவில் தன்னாட்சி நகரங்கள் பல தங்கள் வரியைத் தாங்களே வசூலிக்கின்றன. எதற்கு வரி, எதற்கு விலக்கு என்பதையும் அவையே முடிவு செய்கின்றன. முன்பெல்லாம் நகரத்துக்கு நகரம் தனிப் பதிவு, தனித் தாக்கல். இப்போது மாநிலமே ஓர் இணையதளம் வைத்து பெரும்பாலான நகரங்களை ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறது. அது வருவதற்குமுன் கொலராடோ வாடிக்கையாளர் யாராவது கதவைத் தட்டினால் எனக்குக் காய்ச்சல் வந்துவிடும்.

அதே கொலராடோவில் 2022 ஜூலை முதல், வீட்டுக்கு வண்டியில் கொண்டுபோய்க் கொடுக்கும் ஒவ்வொரு ஆர்டருக்கும் தனிக்கட்டணம் உண்டு. 27 சென்டில் தொடங்கியது. ஆண்டு விற்பனை 5,00,000 டாலருக்குள் இருப்பவருக்கு விலக்கு. மினசோட்டா அதைப் பார்த்து 2024 ஜூலையில், 100 டாலர் அல்லது அதற்கு மேற்பட்ட ஆர்டருக்கு 50 சென்ட் என்று தானும் போட்டுக்கொண்டது.

கேட்டவருக்கு நல்ல செய்தி: டெக்சாஸுக்குள் டெக்சாஸ் வியாபாரி விற்கும்போது பெரும்பாலும் விற்பவர் இருக்கும் ஊரின் விகிதம்தான். ஒரே எண். வெளி மாநிலத்துக்கு அனுப்பத் தொடங்கி வரம்பைத் தாண்டினால்தான் வாங்குபவர் முகவரிக்குரிய விகிதத்தைத் தேடிப் போக வேண்டும்.

21 மார்ச் 2025

விகிதம், விகிதம் என்று பேசிக்கொண்டே இருக்கிறோம். என் அனுபவத்தில் விகிதம் கடைசியாகப் பார்க்க வேண்டியது. முதலில் அந்தப் பொருளுக்கு அங்கே வரி உண்டா என்று பார்க்க வேண்டும்.

200 டாலர் குளிர்கோட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பென்சில்வேனியாவில், நியூ ஜெர்சியில், மினசோட்டாவில் உடைகளுக்கு வரி இல்லை. 200 கொடுத்தால் கதை முடிந்தது. மாசச்சூசெட்ஸில் ஓர் உடைக்கு 175 டாலர் வரை விலக்கு, மிஞ்சிய தொகைக்கு மட்டும் 6.25 சதவீதம். ஆக 25 டாலருக்கு வரி, 1.56. நியூயார்க் நகரத்தில் 110 டாலருக்குக் கீழ் இருந்தால் விலக்கு. 110ஐத் தொட்டால் முழுத்தொகைக்கும் வரி. கோட்டுக்கு 17.75.

இந்த இரண்டு விதிக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். மாசச்சூசெட்ஸில் விலை ஏற ஏற வரி மெல்ல ஏறுகிறது. நியூயார்க்கில் 109.99க்கு வாங்கிய செருப்புக்கு வரி பூஜ்யம், 110க்கு வாங்கிய செருப்புக்கு 9.76. ஒரு சென்ட் விலை வித்தியாசத்துக்கு ஒன்பதே முக்கால் டாலர். அங்கே விற்கிறவர் விலைச்சீட்டு எழுதும்போது லாபக் கணக்கைவிட இந்தக் கோட்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பை உடையா? இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். தோளில் மாட்டும் கைப்பை உடைக் கணக்கில் பொதுவாகச் சேராது, அணிகலன் வகையில் போய்விடும். மேசை விரிப்பு எங்கேயும் உடை ஆகாது, யாராவது உடுத்திக்கொண்டாலும் சரி.

22 மார்ச் 2025

உணவு பற்றி எழுதச் சொன்னால் விடியும்வரை எழுதுவேன், சுருக்கிக்கொள்கிறேன். நியூயார்க்கில் முழு பேகல் (வளைய ரொட்டி) வாங்கி வீட்டுக்கு எடுத்துப்போனால் மளிகை, வரி இல்லை. கடைக்காரர் கத்தியால் இரண்டாகப் பிளந்து கொடுத்தால் தயாரித்த உணவு, வரி உண்டு.

அயோவா, விஸ்கான்சின், இந்தியானா போன்றவை உணவுக்கு விலக்கு கொடுக்கின்றன, மிட்டாய்க்கு வரி போடுகின்றன. மிட்டாய் எது என்பதற்கு இருபத்துச் சொச்சம் மாநிலங்கள் ஒப்பந்தம் செய்து பொது விளக்கம் எழுதியிருக்கின்றன. அதன்படி மாவு சேர்ந்திருந்தால் மிட்டாய் அல்ல. கிட்கேட்டில் கோதுமை மாவு இருக்கிறது, ஆகவே உணவு. ஸ்னிக்கர்ஸில் இல்லை, ஆகவே மிட்டாய். கடைக் கணினியில் சரக்கு ஏற்றும் பையன் உறையைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்துத்தான் வரிக்குறி போட வேண்டும். ஒரு மளிகைக்கடையின் சரக்குப் பட்டியலை நான் இப்படி வரிவரியாகப் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு இனிப்பின் மேல் ஆசை விட்டுப்போனது.

12 ஏப்ரல் 2025

வாஷிங்டன் மாநிலத்திலிருந்து ஒருவர்: "நாங்கள் கொலம்பியா ஆற்றைத் தாண்டி ஓரிகானின் போர்ட்லாந்தில் வாங்கிக்கொள்கிறோம், வரியே இல்லை. வருமான வரியும் எங்கள் மாநிலத்தில் இல்லை. இரண்டு பக்கமும் லாபம்."

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. ஓரிகானில் வாங்கி வாஷிங்டனில் பயன்படுத்தினால் வாஷிங்டனுக்குப் பயன்பாட்டு வரி கட்ட வேண்டும், விற்பனை வரி எவ்வளவோ அவ்வளவு. விற்பனை வரி உள்ள எல்லா மாநிலத்திலும் இது உண்டு. கலிஃபோர்னியாவில் வருமான வரிப் படிவத்திலேயே இதற்கென்று ஒரு கட்டம் வைத்திருக்கிறார்கள், ரசீது இல்லாதவர் வருமானத்தைப் பார்த்து உத்தேசமாக எழுத ஓர் அட்டவணையும் கொடுக்கிறார்கள். எத்தனை பேர் எழுதுகிறார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். தொலைக்காட்சிப் பெட்டி வாங்கியவரைத் தேடி யாரும் வருவதில்லை. கார் வாங்கியவர் தப்ப முடியாது, சொந்த மாநிலத்தில் எண் பதியும்போது கேட்டு வாங்கிவிடுவார்கள். வியாபாரிகளும் தப்ப முடியாது. வரித் தணிக்கைக்கு வருகிறவர் விற்பனைப் பேரேட்டைவிடக் கொள்முதல் பேரேட்டைத்தான் ஆவலாகப் புரட்டுகிறார்: வெளிமாநிலத்தில் வரி இல்லாமல் வாங்கிய மேசை, நாற்காலி, கணினி.

ஆற்றுக்கு எதிர்த்திசையிலும் ஒரு கதை உண்டு. முன்பு ஓரிகான்காரர் வாஷிங்டன் கடையில் அடையாள அட்டையைக் காட்டினால் வரி போட மாட்டார்கள். 2019 ஜூலையிலிருந்து முதலில் கட்டிவிட வேண்டும், பிறகு ஆண்டுக்கு ஒரு முறை மனுப் போட்டு மாநிலப் பங்கை மட்டும் திரும்பப் பெறலாம், அதுவும் 25 டாலராவது சேர்ந்திருந்தால். எல்லையோரக் கடைக்காரர்கள் கொதித்ததில் நியாயம் இருக்கிறது.

"இரண்டு பக்கமும் லாபம்" என்பதற்கு ஒரு வார்த்தை. ஓரிகானில் விற்பனை வரி கொண்டுவர மக்களிடம் ஒன்பது முறை வாக்குக் கேட்டார்கள், கடைசியாக 1993இல். ஒன்பது முறையும் தோற்றது. பதிலுக்கு வருமான வரி உச்சத்தில் 9.9 சதவீதம். வாஷிங்டனில் வீடு, போர்ட்லாந்தில் வேலை என்றால் அந்தச் சம்பளத்துக்கு ஓரிகான் வருமான வரி உண்டு. அரசுக்கு வேண்டிய பணம் ஏதாவது ஒரு கதவு வழியாக உள்ளே வந்தே தீரும். சம்பளம் குறைந்தவருக்குச் சந்தைச் செலவில் வரி விழும் மாநிலம் பாரம், சம்பளம் கூடியவருக்கு அதுவே சொர்க்கம். டெக்சாஸைப் புகழ்ந்து பேசுகிறவர்கள் எந்தச் சம்பளக்காரர்கள் என்று பாருங்கள்.

1 ஜூலை 2025

மளிகைச் சாமானுக்கு முழு விற்பனை வரி, 7 சதவீதம், வாங்கிக்கொண்டிருந்த மிசிசிப்பி இன்றுமுதல் அதை 5 ஆக்கியிருக்கிறது. 1930களின் தொடக்கத்தில் பொது விற்பனை வரியை முதலில் கொண்டுவந்த மாநிலங்களில் ஒன்று அது. பெருமந்தத்தில் நில வரி வராமல் போய்க் கஜானா காலியானபோது ஒவ்வொரு மாநிலமாக இந்தப் பக்கம் வந்தன. கடைசியாக வந்தது வெர்மான்ட், 1969இல். கான்சாஸ் மளிகை வரியை 6.5, 4, 2 என்று படிப்படியாக இறக்கி இந்த ஆண்டு மாநிலப் பங்கைப் பூஜ்யமாக்கிவிட்டது. உள்ளூர் பங்கு அப்படியே இருக்கிறது, ஆகவே ரசீதைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

அரிசி பருப்புக்கு வரியைக் குறைத்த கையோடு வேறு எங்கே கை வைக்கிறார்கள் என்று பார்த்தால், மேரிலாந்தில் இன்றுமுதல் தகவல் தொழில்நுட்பச் சேவைகளுக்கு 3 சதவீதம். இங்கே பாதிப் பேர் அந்தத் தொழிலில் இருப்பவர்கள், தூக்கம் கலைந்திருக்கும்.

10 ஆகஸ்ட் 2025

டெக்சாஸில் வரி விடுமுறை இன்றோடு முடிகிறது. பள்ளிக்கூடம் திறக்கும்முன் ஒரு வார இறுதி, 100 டாலருக்குக் குறைந்த உடை, காலணி, புத்தகப்பை, எழுதுபொருள்களுக்கு வரி இல்லை. கடைகளில் கால் வைக்க இடமில்லை. 40 டாலர் சட்டைக்கு மிச்சம் 3.30. அதே சட்டைக்கு அடுத்த மாதம் கடைக்காரரே தள்ளுபடி கொடுப்பார், அதற்கு யாரும் வரிசையில் நிற்க மாட்டார்கள்.

விற்பவர்கள் கவனிக்க: டெக்சாஸில் அனுப்பும் கட்டணமும் விலையில் சேர்த்தி. 96 டாலர் காலணிக்கு 6 டாலர் அஞ்சல் செலவு போட்டால் அது 102 டாலர் காலணி. விலக்கு போயிற்று, 102க்கும் வரி. கலிஃபோர்னியாவில் கூரியர் நிறுவனத்துக்குக் கொடுத்த உண்மைச் செலவை ரசீதில் தனியாகப் பிரித்துக் காட்டினால் அதற்கு வரி இல்லை. நியூயார்க்கில் பொருளுக்கு வரி உண்டென்றால் அனுப்பும் செலவுக்கும் உண்டு.

4 அக்டோபர் 2025

மேரிலாந்தோடு நிற்கும் என்று பார்த்தேன். இந்த மாதம் முதல் தேதியிலிருந்து வாஷிங்டன் மாநிலம் விளம்பரம், தகவல் தொழில்நுட்ப உதவி, வாடிக்கையாளருக்கென்று இணையதளம் கட்டிக்கொடுப்பது போன்ற சேவைகளையும் சில்லறை விற்பனைக் கணக்கில் சேர்த்துவிட்டது.

மேகக் கணினியில் ஓடும் மென்பொருளுக்கான மாதச் சந்தாவை மட்டும் எடுத்துக்கொண்டாலே போதும். கலிஃபோர்னியாவில் வரி இல்லை. நியூயார்க்கில் ஆயத்த மென்பொருள் என்று வரி. டெக்சாஸில் தரவுச் செயலாக்கம் என்று வகை பிரித்து 20 சதவீதத்துக்கு விலக்கு கொடுத்து மிச்சம் 80 சதவீதத்துக்கு வரி. சிகாகோவில் மாநில விற்பனை வரி இல்லை, நகரம் தனியாக வாடகை வரி என்று 2025இல் 11 சதவீதம் வாங்கியது. ஒரே மென்பொருள், ஒரே திரை, நான்கு ஊரில் நான்கு பிறவி.

பொருளுக்கு மட்டும் வரி போட்ட காலத்தில் எழுதிய சட்டங்கள் இவை. மக்கள் செலவு சேவைப் பக்கம் போய்விட்டது. மாநிலங்கள் பின்னாலேயே ஓடி வருகின்றன.

15 நவம்பர் 2025

ஒரு சென்ட் நாணயம் அச்சடிப்பது மூன்று நாளைக்கு முன் நின்றுவிட்டது, ஃபிலடெல்ஃபியா நாணயச் சாலையில் கடைசியாக அடித்தார்கள். "இனி வரியை எப்படி வாங்குவார்கள்?" என்று கேள்வி. கார்டில் கொடுத்தால் ஒரு மாற்றமும் இல்லை. ரொக்கம் கொடுத்தால்தான் ஐந்து சென்டுக்கு மேலோ கீழோ முழுமையாக்கும் பேச்சு.

இதற்கு நேரெதிரான கூத்து 1930களில் நடந்திருக்கிறது. பத்து சென்ட் பொருளுக்கு இரண்டு சதவீத வரி என்றால் ஒரு சென்டில் ஐந்தில் ஒரு பங்கு. முழு சென்ட் வாங்கினால் ஏழைக்கு அநியாயம், விட்டால் மாநிலத்துக்கு நஷ்டம். ஆகவே பல மாநிலங்கள் சென்டில் பத்தில் ஒரு பங்கு மதிப்புள்ள வரி வில்லைகளை வெளியிட்டன. அலுமினியம், துத்தநாகம், பிற்பாடு பிளாஸ்டிக். மிசூரியில் முதலில் பால் புட்டி மூடிபோல அட்டை வில்லை. நடுவில் ஓட்டை போட்ட அலுமினிய வில்லை ஒன்றைப் பழம்பொருள் சந்தையில் வாங்கி மேசையில் வைத்திருக்கிறேன். விரலால் அழுத்தினால் வளைந்துவிடும் போலிருக்கிறது, எடையே இல்லை. வாங்கும்போது அதற்கு விற்பனை வரி கொடுத்தேன்.

3 ஜனவரி 2026

இல்லினாயில் மாநிலத்தின் 1 சதவீத மளிகை வரி ஜனவரி 1 முதல் இல்லை. நகராட்சிகள் விரும்பினால் அதே 1 சதவீதத்தைத் தாங்களே போட்டுக்கொள்ளலாம் என்று சட்டத்திலேயே சொல்லிவிட்டார்கள், நூற்றுக்கணக்கானவை போட்டும்விட்டன. ஒரே ரசீதில் பெயர் மட்டும் மாறியிருக்கிறது. இன்னொரு மாற்றம் நல்லது: வெளிமாநில வியாபாரிகளுக்கு வைத்திருந்த 200 விற்பனை வரம்பையும் அங்கே எடுத்துவிட்டார்கள். பிப்ரவரியில் திட்டிய பட்டியலில் ஒன்று குறைந்தது.

முதல் கேள்வி கேட்டவர் டெலவேரை விட்டுவிட்டு டெக்சாஸிலேயே பதிவு செய்து கடை நடத்துகிறார். கடைசி மூன்று மாதத்தில் மாநிலத்துக்குள் 5,000 டாலருக்கு விற்றிருக்கிறார், வெளியே எங்கும் வரம்புக்குப் பக்கத்தில்கூட இல்லை. 412.50 டாலர் வரி வசூலாகியிருக்கிறது. "அதை எடுத்துச் சரக்கு வாங்கலாமா, இருபதாம் தேதிக்குள் திருப்பிப் போட்டுவிடுகிறேன்" என்கிறார். தொடாதீர்கள். அது வாங்கியவர் மாநிலத்துக்குக் கொடுத்த பணம், உங்கள் கையில் தங்கியிருக்கிறது, அவ்வளவுதான். நிறுவனம் நொடித்துப்போனாலும் இந்தப் பணத்துக்கு மட்டும் உரிமையாளரின் சொந்தச் சொத்துவரை வருவார்கள். தனிக் கணக்கில் போட்டு வையுங்கள்.

20ஆம் தேதிக்குள் தாக்கல் செய்ய வேண்டும். விற்பனையே இல்லாத காலாண்டுக்கும் பூஜ்யம் என்று எழுதித் தாக்கல் செய்ய வேண்டும், தாமதித்தால் 50 டாலர் அபராதம். காலத்தோடு கட்டினால் வசூலித்துக் கொடுத்த கூலியாக அரை சதவீதத்தை நீங்களே வைத்துக்கொள்ளலாம். உங்கள் கணக்குக்கு 2 டாலர் 6 சென்ட் வருகிறது. அந்த ஆறு சென்டையும் விடாமல் படிவத்தில் கழியுங்கள்.